‘சோர்’ என்ற பெட்டிக்குள் எங்கட வேலை

போன வருஷம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குறிப்பெடுக்கும் செயலியைத் தமிழாக்கினோம். நாலு பேரும் கலைப்பீடம். காசுக்குச் செய்யவில்லை. கட்டற்ற மென்பொருள், யாரும் சேரலாம், சேர்ந்தோம். பின்னேர விரிவுரை முடிந்ததும் நூலகத்துக்குப் பின்னாலுள்ள வாங்கில் இருந்து, ஒரே லப்ரொப்பில், வசனம் வசனமாகப் போனோம். ‘டவுன்லோட்’ என்பதற்குத் தமிழ்நாட்டில் புழங்குகிற ‘பதிவிறக்கு’ போடுவதா, எங்கட பக்கத்தில் புழங்குகிற ‘தரவிறக்கு’ போடுவதா என்று இரண்டு நாள் சண்டை. ‘கிளியர்’ என்ற ஒரே சொல் ஓரிடத்தில் தேடல் பெட்டியை வெறுமையாக்குகிறது, இன்னோரிடத்தில் வடிகட்டியை எடுத்துவிடுகிறது, மூன்றாவது இடத்தில் குறிப்பையே அழிக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒரு சொல் போதும். எங்களுக்கு மூன்று வேண்டும். எது எந்த இடத்தில் வருகிறது என்று செயலியைத் திறந்து தேடிப் பார்க்கவும் வேண்டும். ‘ஒத்திசைவு’ பொத்தானுக்குள் அடங்காமல் பாதி வெட்டுப்பட்டு நின்றது. இப்படியே ஐந்து மாதம்.

பிறகு புதிய பதிப்பு வந்தது. வெளியீட்டுக் குறிப்பை ஆசையாகத் திறந்தோம். நீளமான பட்டியல். ஓர் ஆங்கிலச் சொல்லில் விடுபட்ட எழுத்தைச் சேர்த்தது ஒரு வரி. ஒரு சின்னத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தியது இன்னொரு வரி. தமிழ் வந்திருக்கிறது என்று ஒரு வரியும் இல்லை. கீழே பங்களித்தவர்கள் பட்டியல். அதிலும் எங்கட பெயர் இல்லை. நாங்கள் எழுதியதை மொழிபெயர்ப்புத் தளத்திலிருந்து இழுத்துக் களஞ்சியத்துக்குள் போடுகிற பொட்டின் பெயர் இருந்தது. பொட்டுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

கேட்டோம். மரியாதையாகத்தான் கேட்டோம். பதிலும் மரியாதையாகத்தான் வந்தது. குறிப்புகளை நாங்கள் எழுதுவதில்லை, கொமிட் செய்திகளிலிருந்து அவை தானாக உருவாகின்றன, மொழிபெயர்ப்புகள் ‘சோர்’ என்று குறிக்கப்படுவதால் அதில் வராது, யாரும் வேண்டுமென்று விட்டதில்லை.

அந்தக் கடைசி வசனத்தோடுதான் எங்களுக்குச் சண்டை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்றால் யாரிடமும் கேட்கவும் முடியாது என்று அர்த்தம். ஒரு வேலையைக் கணக்கில் எடுப்பதா விடுவதா என்ற தீர்மானம் ஒரு மனிதரின் வாயில் இருந்தால் அவரோடு கதைக்கலாம், சண்டை பிடிக்கலாம், வெட்கப்படுத்தலாம். அது ஓர் அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக இருந்தால் என்ன செய்வது?

இதெல்லாம் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். மென்பொருளில் ஒரு மாற்றத்தைப் பதிவு செய்யும்போது, என்ன செய்தேன் என்று ஒரு சின்னச் செய்தி எழுத வேண்டும். அதுதான் கொமிட் செய்தி. பதிப்பு எண் என்பது செயலியின் ஏதோவொரு மூலையில் நீங்கள் காணும் 2.4.1 மாதிரியான எண். அந்த மூன்று எண்ணுக்கும் தனித்தனிப் பொருள் இருக்க வேண்டும் என்று விதி எழுதியவர் டொம் பிரெஸ்டன்-வேர்னர், கிட்ஹப்பை நிறுவியவர்களில் ஒருவர். விதிக்குப் பெயர் செமாண்டிக் வேர்ஷனிங். இப்போது எல்லோரும் காட்டுகிற 2.0.0 பதிப்பு 2013 இல் வந்தது. பழைய பாவனையை உடைக்கிற மாற்றம் என்றால் முதல் எண் கூடும். பழையது உடையாமல் புது வசதி சேர்ந்தால் நடு எண். வெறும் பிழைதிருத்தம் என்றால் கடைசி எண்.

இதற்கு மேல் கட்டியதுதான் தானியக்கம். கொமிட் செய்தியின் தொடக்கத்தில் ஒரு வகைச்சொல் போட வேண்டும். புது வசதிக்கு ‘ஃபீட்’, பிழைதிருத்தத்துக்கு ‘ஃபிக்ஸ்’. வகைச்சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் உடைக்கிற மாற்றம், முதல் எண்ணே ஏறிவிடும். அங்குலார் குழுவின் பழக்கத்திலிருந்து வளர்ந்த இந்த முறைக்குக் கொன்வென்ஷனல் கொமிட்ஸ் என்று பெயர். செமாண்டிக்-ரிலீஸ், கூகுளின் ரிலீஸ்-பிளீஸ் போன்ற கருவிகள் இந்தச் சொற்களை வாசித்து எண்ணைக் கணித்து, வெளியீட்டுக் குறிப்பையும் தாங்களே தொகுத்துவிடும். விதி நேரடியாகப் பெயர் சொல்லிப் பொருள் கொடுத்திருப்பது ஃபீட், ஃபிக்ஸ் என்ற இரண்டுக்கும்தான். டொக்ஸ், டெஸ்ட், ஸ்டைல், சோர் எல்லாம் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டவை. செமாண்டிக்-ரிலீஸை வாங்கின கையோடு அப்படியே ஓடவிட்டால் இவை எண்ணையும் கூட்டாது, குறிப்பிலும் தெரியாது. ஆவணம் எழுதுகிறவர்களும் சோதனை எழுதுகிறவர்களும் எங்களோடு அதே இருட்டில்தான் இருக்கிறார்கள்.

இது ஏன் வந்தது என்பது எங்களுக்கு விளங்காமல் இல்லை. மனிதர் கையில் பதிப்பு எண் படுகிற பாடு பெரிய பகிடி. லினக்ஸ் கருனி 2011 இல் 2.6.39 இலிருந்து 3.0 க்குத் தாவியபோது பெரிதாக ஒன்றும் மாறியிருக்கவில்லை. 2019 இல் 5.0 வந்தபோது லினஸ் டோர்வால்ட்ஸ் சொன்ன காரணம், எண்ணுவதற்குக் கைவிரலும் கால்விரலும் முடிந்துவிட்டது என்பது. செமாண்டிக்-ரிலீஸின் அறிமுகப் பக்கமும், பதிப்பு எண்ணுக்கும் மனித உணர்ச்சிக்கும் இடையிலுள்ள தொடர்பை அறுப்பதைத்தான் தன் பெருமையாகச் சொல்கிறது. நியாயமான பெருமைதான், ஓர் எல்லைக்குள். ஒரு நிரற்பொதியை ஆயிரம் பொதிகள் நம்பியிருக்கும்போது, என்பிஎம்மில் எண்ணுக்கு முன்னால் ஒரு தொப்பிக்குறி போட்டால் நடு எண்ணும் கடைசி எண்ணும் கூடின பதிப்புகள் கேட்காமலே உள்ளே வந்துவிடும். அந்த எண்ணை வாசிப்பது இயந்திரம், ஆகவே எழுதுவதும் இயந்திரமாக இருக்கட்டும். அதிலே எங்களுக்குச் சண்டை இல்லை.

(ஆனாலும் உணர்ச்சி கலந்த எண்ணிலும் ஒரு சரித்திரம் இருக்கும். பிஎச்பி மொழி 5 இலிருந்து நேரே 7 க்குப் போனது. நடுவில் 6 ஏன் இல்லை? யுனிகோடை மொழியின் அடிவேரிலேயே வைக்க முயன்ற பதிப்பு அது, 2010 இல் கைவிட்டார்கள். தமிழில் தட்டெழுதுகிற யாரும் அந்த இல்லாத 6 ஐக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிற ஒரு கருவி இப்படியொரு ஓட்டையை விட்டுவைக்காது.)

சரி, சோர். ஆங்கிலத்தில் ‘சோர்’ என்றால் வீட்டுவேலை. கூட்டுவது, துடைப்பது, பாத்திரம் கழுவுவது. செய்தால் யாருக்கும் தெரியாது, செய்யாவிட்டால் மட்டும் தெரியும். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள் என்று சொல்வீர்கள். நாங்களும் அதைத்தான் சொல்கிறோம். யோசிக்காமல் வாயில் வந்த சொல்லில்தான் ஒரு சமூகம் எதை வேலையாக எண்ணுகிறது என்பது தெரியும். பெண்ணியக் கோட்பாட்டுப் பாடத்தில் ஒரு தவணை முழுக்க நாங்கள் படித்தது, வீட்டுக்குள் நடக்கிற உழைப்பு ஏன் தேசிய வருமானக் கணக்கில் வருவதில்லை என்பதை. பரீட்சை எழுதி முடித்துவிட்டு வந்து பார்த்தால் எங்கட ஐந்து மாதம் அதே பெயரோடு, அதே கணக்குக்கு வெளியே கிடக்கிறது. இந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் சோர்வு நினைவுக்கு வருவது எங்கட பிழை இல்லை.

யாரோ ஒருவர் எங்கட வேலையைப் பார்த்து, ‘இது சோர்’ என்று தீர்ப்புச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பெரும்பாலும் அதுவும் நடப்பதில்லை. வெப்லேட் தளத்திலிருந்து வரும் கொமிட்டின் தலைப்பு வரியில், வேறு எதுவும் அமைக்காவிட்டால், ‘வெப்லேட் மூலம் மொழிபெயர்க்கப்பட்டது’ என்ற வாசகமும் அடைப்புக்குள் மொழியின் பெயரும் மட்டும் இருக்கும். வகைச்சொல்லே இல்லை. ஆகவே வாசிக்கிற கருவிக்கு அது வெற்றுத்தாள். திட்டத்தை நடத்துகிறவர்கள் பிறகு அதை ஒழுங்குபடுத்தும்போது முன்னால் ‘சோர்’ என்று ஒட்டிவிடுகிறார்கள், கருவி கத்தாமல் இருப்பதற்காக. ‘கிளியர்’ என்பதற்கு மூன்று தமிழ்ச் சொல் தேடியது, ‘தரவிறக்கு’ சண்டை, பொத்தானுக்குள் அடக்கியது எல்லாம் அந்த ஒரு வாசகத்துக்குள் போய்விட்டது.

எங்கட கணினி விஞ்ஞான நண்பன் ஒருத்தனிடம் இதைச் சொன்னோம். அவன் சிரித்தான். “மச்சான், பேர் வரேல்லையெண்டுதானே உங்களுக்குக் கவலை? ஒரு நன்றிப் பக்கம் போடச் சொல்லுங்கோ, முடிஞ்சுது.” பெயர் வராதது கவலைதான், மறைக்க மாட்டோம். ஆனால் அதோடு முடிந்திருந்தால் கன்ரீனில் புலம்பிவிட்டு விட்டிருப்போம். இதை எழுத வைத்தது வேறொன்று.

எங்களில் ஒருத்தியின் அம்மா வீட்டில் தைத்துக் கொடுப்பவர். நாங்கள் தமிழாக்கின செயலியை அவருடைய போனில் போட்டுக் கொடுத்தோம். சட்டை அளவுகளை அதில் குறித்து வைக்கத் தொடங்கினார். முன்பெல்லாம் பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கம். “இது நல்லாயிருக்கு பிள்ளை, தமிழில இருக்கு” என்று சொன்னார். அதைக் கேட்டபோது எங்களுக்கு வந்த சந்தோசத்தை எந்தப் பங்களிப்பாளர் பட்டியலும் தந்திருக்காது.

சில கிழமையில் ஒரு சின்னப் பதிப்பு வந்தது. கடைசி எண் மட்டும் ஒன்று கூடியிருந்தது. குறிப்பில் ஒரு வரி: ‘ஃபிக்ஸ்’, அழிக்கும் முன் வரும் எச்சரிக்கையைத் தெளிவாக்கியது. உண்மைதான், ஆங்கிலத்தில் தெளிவாகியிருந்தது. ஆனால் மூல வசனம் மாறினால் அதனோடு கட்டியிருக்கும் மொழிபெயர்ப்பு அவிழ்ந்துவிடும். கெட்டெக்ஸ்ட் முறையில் அது ‘ஃபசி’, அதாவது ஐயத்துக்குரியது என்று குறிக்கப்படும். அப்படிக் குறித்ததைத் தொகுக்கும்போது கருவி வழமையாகச் சேர்க்காது. அந்த இடத்தில் பயனர் காண்பது ஆங்கிலம். எச்சரிக்கை வசனமும் இரண்டு பொத்தானும் ஒரே இரவில் ஆங்கிலமாகிவிட்டன. அம்மா வழக்கமாக அமத்துகிற இடத்தில் அமத்தினார். கலியாண வீடொன்றுக்குத் தைக்க எடுத்த அளவுகள் எல்லாம் இருந்த ஒரு குறிப்புப் போனது.

மகளுக்கு அழைப்பு எடுத்து அவர் கேட்டது, “நான் என்ன பிழை விட்டனான்?” என்று. அவர் ஒரு பிழையும் விடவில்லை. அந்தக் குடும்பத்து ஆக்களைத் திரும்பக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, ஆளாளாக மறுபடி அளவெடுத்தார். அடுத்த நாளே கலண்டர்த் தாளுக்குத் திரும்பிவிட்டார். இன்னும் திரும்பி வரவில்லை.

இப்போது அந்த எண்ணைப் பாருங்கள். கடைசி எண் கூடினால் எதுவும் உடையவில்லை, பயப்படாமல் ஏற்றுக்கொள் என்பது வாக்குறுதி. யாருக்கு உடையவில்லை? கொமிட் எழுதினவருக்கு உடையவில்லை. ஆங்கிலத்தில் பாவிக்கிறவருக்கு உடையவில்லை, இன்னும் நல்லாகியிருக்கிறது. தமிழில் பாவித்தவருக்கு ஒரு திரையே உடைந்தது. கருவி பொய் சொல்லவில்லை. கொமிட் எழுதினவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததை அது சரியாகவே எண்ணாக மாற்றியது. எங்கட குற்றச்சாட்டும் அதுதான். எழுதினவர் நிற்கிற இடத்தைத் தவிர வேறொரு இடம் இருக்கிறது என்பது அந்தக் கணக்குக்குள் எங்கும் இல்லை.

செமாண்டிக் வேர்ஷனிங் விதியின் முதலாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். இந்த முறையைப் பாவிக்கிற மென்பொருள் முதலில் தன் பொது இடைமுகம் என்ன என்று அறிவிக்க வேண்டும் என்கிறது. இன்னொரு நிரல் எதை நம்பி அழைக்கலாம் என்ற பட்டியல் அது. அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால்தான் உடைந்தது எது, உடையாதது எது என்று சொல்லலாம். நிரலோடு நிரல் கதைப்பதற்கு எழுதிய விதி. தையல்காரர் ஒருவர் கையில் பிடித்திருக்கும் செயலிக்குப் பொது இடைமுகம் எது? அவருடைய விரலுக்குப் பழகின பொத்தானின் இடமும் அதில் எழுதியிருக்கும் தமிழும்தான். அதை எந்தக் கோப்பிலும் அறிவித்திருக்கமாட்டார்கள். கூகுளில் வேலை செய்த ஹைரம் ரைட்டின் பெயரால் ஒரு விதி சொல்லுவார்கள். போதுமான பேர் பாவித்தால், நீங்கள் வாக்குக் கொடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளியே தெரிகிற ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார் என்பது அது. மென்பொருள் பொறியியல் படிக்கிற எல்லோரும் இதைப் புன்னகையோடு சொல்வார்கள். பிறகு போய் ‘ஃபிக்ஸ்’ என்று தட்டுவார்கள்.

எங்களுக்கு வந்த மறுப்புகளில் ஒன்று, அப்படியென்றால் அதைச் சரியாகக் குறித்தால் போச்சு, மொழிபெயர்ப்புக்கு ‘ஃபீட்’ போடு, வசனம் மாறினால் ஆச்சரியக்குறி போடு, கருவியில் பிழை இல்லை, பாவித்தவரில்தான் பிழை என்பது. போடலாம். ஆனால் குறிக்கிறவருக்குத் தமிழ் தெரியாது. தான் மாற்றின ஒரு வசனத்தால் எத்தனை மொழிகளில் திரை அவிழ்கிறது என்று அந்த நிமிடத்தில் அவர் யோசிக்கவும் மாட்டார். அவர் கெட்டவர் இல்லை, பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு பிழையைத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போகிறவர். இந்த முறை அந்த அவசரத்து நிமிடத்தில் எழுதின ஒற்றைச் சொல்லை எடுத்து, பதிப்பு எண்ணாகவும் அறிவிப்பாகவும் நன்றியாகவும் ஆக்குகிறது. மூன்று வேலைக்கு ஒரு சொல். வெளியிடும் முன் ஒரு ஆள் உட்கார்ந்து ‘இதில் யாருக்கு என்ன மாறுகிறது’ என்று யோசிக்கிற ஒரு மணித்தியாலம் முன்பு இருந்தது. அந்த மணித்தியாலத்தைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

நேரமில்லை என்கிறார்கள். சம்பளமில்லாமல் பராமரிக்கிறவர்களின் களைப்பு உண்மை, அதை நாங்கள் பகிடி பண்ணவில்லை. நாங்களும் சம்பளமில்லாமல்தான் செய்தோம். ஆனால் நேரமில்லை என்பதற்காகப் போடுகிற பட்டியலை வெளியீட்டுக் குறிப்பு என்று கூப்பிடாதீர்கள். கொமிட் பட்டியல் என்று போடுங்கள், நாங்களும் வாசிக்காமல் விட்டுவிடுகிறோம். கொமிட் செய்தி குசினிக்குள் இருக்கிறவர்கள் தங்களுக்குள் கதைக்கிறது. ‘உப்புக் கூடிட்டுது, தேங்காய்ப்பால் விட்டனான்’ என்பதைப் பந்தியில் இருக்கிறவருக்கு அப்படியே வாசித்துக் காட்டுவதில்லை. ஒலிவியே லகான் என்பவர் 2014 இல் தொடங்கிய ‘கீப் எ சேஞ்ச்லொக்’ இதைத்தான் அன்றைக்கே சொன்னது: கிட் பதிவுகளை அப்படியே கொட்டாதீர்கள், மாற்றக் குறிப்பு மனிதருக்கானது என்று.

இப்போது புதிதாக வருகிற பதில், செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் அது கொமிட்டுகளை வாசித்து அழகான வசனமாக எழுதிவிடும் என்பது. எழுதும். ‘எச்சரிக்கை இப்போது இன்னும் தெளிவாக இருக்கிறது’ என்று தேன் தடவி எழுதும். கொமிட்டில் இல்லாத அம்மாவை அது எங்கேயிருந்து கொண்டு வரும்?

இதில் எங்களுக்குப் பிடித்த சங்கதி ஒன்று இருக்கிறது. கொமிட் என்ற சொல்லையே இவர்கள் வாயில் வைத்த கிட் மென்பொருள் தன் வெளியீட்டுக் குறிப்பை எப்படிச் செய்கிறது தெரியுமா? 2005 இலிருந்து அதைப் பராமரிக்கும் ஜூனியோ ஹமானோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சிறு பந்தி தன் சொல்லில் எழுதுகிறார். புதிய பதிப்பை அறிவிக்கும்போது முதல்முறை பங்களித்தவர்களைத் தனியாகப் பெயர் சொல்லி வரவேற்கிறார். லிப்ரஒபிஸின் வெளியீட்டுக் குறிப்பை விக்கியில் ஆக்கள் சேர்ந்து எழுதுகிறார்கள், அதில் மொழிகளுக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது. கருவி வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. சேஞ்ச்செட்ஸ், பைதன்காரரின் டவுன்கிரையர் போன்றவை மாற்றத்தோடு சேர்த்து, வாசிக்கிறவருக்கென்று ஒரு வரி தனியாக எழுதச் சொல்லிக் கேட்கும். எண்ணும் தொகுப்பும் இயந்திரத்துக்கு, வசனம் ஆளுக்கு. ஆக, முடியாத காரியம் ஒன்றையும் நாங்கள் கேட்கவில்லை.

எங்கட பக்கத்துப் பிழையையும் சொல்ல வேண்டும். பஸ்ஸிலும் கந்தோரிலும் பிழைத் தமிழ்ப் பலகையைக் கண்டால் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டுச் சிரிக்கிறவர்கள் நாங்கள். அந்தப் பலகையைக் கடைசி நிமிடத்தில், சோராக, யாரோ ஒருவரிடம் தள்ளியிருப்பார்கள் என்று யோசித்ததில்லை. ‘தரவிறக்கு’ என்று ஏன் முடிவெடுத்தோம் என்று ஒரு வரிகூட நாங்களும் எழுதி வைக்கவில்லை. அடுத்து வருகிறவர் அதை ‘பதிவிறக்கு’ என்று மாற்றினால் சண்டை பிடிக்க எங்களிடம் ஒரு கடதாசியும் இல்லை. எங்கட வேலையை வேலையாக நாங்களே பதிந்திருக்கவில்லை.

கம்பஸில் குழுச் செயற்றிட்டம் செய்கிற கணினிப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி. செமாண்டிக்-ரிலீஸ் அமைப்பை எங்கேயோ இருந்து ஒட்டும்போது அதில் மறைத்து வைத்திருக்கிற வகைகளின் பட்டியலை ஒருதரம் வாசித்தீர்களா? உங்கட குழுவில் ஆவணம் எழுதின பிள்ளை யார், திரைக்குத் தமிழும் சிங்களமும் போட்ட பிள்ளை யார், அவர்களின் கொமிட்டுகள் எந்தப் பெட்டிக்குள் கிடக்கின்றன? மொழிபெயர்ப்பைச் சோர் என்று குறிக்கிற வரியைக் கண்டால் அழியுங்கள். ‘லொக்’ என்றோ ‘மொழி’ என்றோ சொந்தமாக ஒரு வகை வையுங்கள், அதைக் குறிப்பில் தெரிகிறமாதிரி அமைக்க ஐந்து நிமிடம் போதும். திரையில் வருகிற வசனம் மாறுகிற கொமிட்டை, வெளியிடும் முன் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சொல்லாமல் விடாதீர்கள். வசனங்களைப் பூட்டிவைத்து மொழிபெயர்ப்பாளருக்கு அவகாசம் கொடுக்கிற பழக்கம் பெரிய திட்டங்களில் பலகாலமாக இருக்கிறது.

அந்தச் செயலியை நாங்கள் விட்டுவிடவில்லை. அவிழ்ந்த மூன்று வசனங்களையும் அன்றிரவே மறுபடி தமிழாக்கினோம். இந்தமுறை பொத்தானில் ‘அழி’ என்று போடாமல் ‘குறிப்பை அழி’ என்று போட்டோம், அடங்கியது. அடுத்த பதிப்புக்கான வெளியீட்டுக் குறிப்பைத் தமிழில் நாங்களே எழுதினோம், ஒன்றரைப் பக்கம். எந்தத் திரை மாறுகிறது, எந்தப் பொத்தான் இடம் மாறுகிறது, அளவு குறிக்கிறவர்கள் அப்டேட் பண்ண முதல் எதைப் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று. அதை அம்மாவிடம் வாசித்துக் காட்டி, விளங்காத இரண்டு இடத்தைத் திருத்தினோம். கோரிக்கையாக அனுப்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. பதில் வந்தால் இதே இடத்தில் எழுதுகிறோம்.